தெரியுதா... இப்பத் தெரியுதா?

மொட்டை மாடியில் ஒருவர், மாடிப்படித் திருப்பத்தில் ஒருவர், ஹாலில் டி.வி.க்கு முன்னால் ஒருவர். இந்த மூன்று பேர் கமிட்டி இல்லாமல் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் யாரும் 'ஒளியும் ஒலியும்' பார்த்ததில்லை.

மாடியில் இருப்பவர் ஆன்டெனாக் கம்பத்தைத் திருப்புவார். "தெரியுதா?" என்பார். படியில் நிற்கும் பொடியன் அதை வாங்கி, "தெரியுதா?" என்று உள்ளே தள்ளிவிடுவான். ஹாலிலிருந்து, "புள்ளி புள்ளியா வருது... இன்னும் கொஞ்சம்... ஆங், வந்துருச்சு வந்துருச்சு... போச்சு!" என்று பதில் கிளம்பும். 'வந்துருச்சு' மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் ஆன்டெனா இன்னும் பத்து டிகிரி நகர்ந்திருக்கும். 'போச்சு' போய்ச் சேரும்போது அதற்கும் மேலே பத்து டிகிரி. கிரிக்கெட் பார்ப்பதற்காக இலங்கை ரூபவாகினியைப் பிடிக்க உயரக் கம்பம் நட்ட கடலோரத்துக்காரர்களுக்கு இந்தக் கமிட்டி வேலையில் டாக்டர் பட்டமே கொடுக்கலாம். எல்லாம் கச்சிதமாக அமைந்து, எல்லோரும் பாயில் உட்கார்ந்த பிறகு ஒரு காக்கா வந்து கம்பத்தில் உட்காரும்.

சிரிக்காதீர்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் 5ஜி போனுக்கும், தெருக்கோடியில் நிற்கும் டவருக்கும் நடுவில் இதே கூத்துதான் ஒரு செகண்டில் பல தடவை நடக்கிறது. திசையைத் தேட வேண்டும், அளந்து பார்க்க வேண்டும், அளந்ததை முடிவெடுக்கிற ஆசாமியின் காதில் போட வேண்டும். இதில் மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம் என்பது என் கட்சி. ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் உடனே என் கட்சியில் சேருவார்கள் என்று நினைக்கிறேன். பிரச்னை நமக்குத் தெரியும். தீர்மானிக்கிற அதிகாரம் மானேஜருக்கு. நடுவில் ஒரு ரிப்போர்ட். அது போய்ச் சேருவதற்குள் பிரச்னையே வேறாகியிருக்கும்!

*

முதலில் திசை எதற்கு என்று பார்த்துவிடலாம்.

பழைய செல்போன் டவர் குண்டு பல்பு மாதிரி. பெரிய பரப்பு முழுக்க ஒரே மாதிரி அடிக்கும். யாருக்கு வேணுமோ எடுத்துக்கொள்ளலாம். 5ஜியின் உயர்ந்த அலைவரிசைகளில் அது கட்டுப்படியாகாது. 26 கிகாஹெர்ட்ஸ், 28 கிகாஹெர்ட்ஸ் என்று போகும்போது அலையின் நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். (நம் பழைய 900 மெகாஹெர்ட்ஸ் போனின் அலை நீளம் 33 சென்டிமீட்டர்.) இந்தக் குட்டி அலை சுவரைப் பார்த்தால் நின்றுவிடும், மரத்தைப் பார்த்தால் தயங்கும், மனுஷனைப் பார்த்தால் படுத்துவிடும். அதனால் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் லைட்டை எடுத்தார்கள். இருக்கிற சக்தியை எல்லாம் குறுக்கி ஒரே பக்கமாக அடிப்பது. இதற்குப் பேர் பீம். பாண்டவர்களில் இரண்டாமவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தமிழில் 'அலைக்கற்றை' என்று அழகாகச் சொல்லலாம்தான். ஆனால் 2ஜி விவகாரத்தின்போது பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து அந்த வார்த்தையை ஸ்பெக்ட்ரத்துக்குத் தாரைவார்த்துவிட்டன. நியாயமாகப் பார்த்தால் கற்றை என்பது பீமுக்குத்தான் பொருந்தும். போகட்டும், ஏலத்தில் போனது போனதுதான். நான் பீம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

டி.வி. ஆன்டெனாவைக் கையால் திருப்பினோம். போனுக்குள் எதைத் திருப்புவது? ஒன்றையும் திருப்ப வேண்டாம். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். டெல்லிக்காரர் இரண்டு நாள் முன்னால் ரயில் ஏறுகிறார். மதுரைக்காரர் முதல்நாள் ராத்திரி பஸ். தாம்பரத்துக்காரர் காலையில் குளித்துவிட்டுக் கிளம்புகிறார். எல்லோரும் சரியாக முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தில் ஆஜர். தூரத்திலிருப்பவர் முதலில், கிட்டே இருப்பவர் கடைசியில் என்று கிளம்புகிற நேரத்தை மாற்றியதால் கூட்டம் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் கூடுகிறது. ஆன்டெனாக்களும் அப்படித்தான். நாலு குட்டி ஆன்டெனாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் அலையை அனுப்பும் நேரத்தை இம்மியளவு முன்னே பின்னே மாற்றினால், குறிப்பிட்ட ஒரு திசையில் நாலு அலையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்து கெட்டிமேளம் கொட்டும். செலவான மின்சாரம் அதேதான். அந்தத் திசையில் மட்டும் நாலு மடங்கு பலம். மற்ற திசைகளில் பந்தி காலி.

இது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினான்ட் பிரவுன் 1905லேயே மூன்று ஆன்டெனாக்களை வைத்து இதைச் செய்து காட்டிவிட்டார். 1909ல் மார்க்கோனியோடு நோபல் பரிசைப் பங்கு போட்டுக்கொண்டவர். மில்லிமீட்டர் அலைகளும் புதுசு இல்லை. ஜகதீஷ் சந்திர போஸ் 1890களிலேயே கல்கத்தாவில் அவற்றை உண்டாக்கி, வளைத்து, அளந்து, 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போய்ச் செய்தும் காட்டினார். அதற்குப் பின்னால் உலகத்துக்கு அந்த அலைகளைச் செல்போனில் போட வேண்டும் என்று தோன்றுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவசரப்படாத உலகம்!

புதுசு என்னவென்றால் சைஸ். அலை சிறுத்தால் ஆன்டெனாவும் சிறுக்கும். 26 கிகாஹெர்ட்ஸில் அடுத்தடுத்த ஆன்டெனாக்களுக்கு நடுவே ஆறு மில்லிமீட்டர் கூட வேண்டியதில்லை. நாலைந்தை ஒரு பட்டையாக அடுக்கினால் கட்டைவிரலின் மேல்பாதி அளவு. குவால்காம் கம்பெனி 2018ல் அப்படி ஒரு பட்டையைக் கொண்டுவந்து, ஒரு போனில் நாலு வரை பொருத்தலாம் என்றது. 2020ல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 12ன் வலது விளிம்பில் மாத்திரை வடிவத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அலை நுழைவதற்கான வாசல் அது. மற்ற நாடுகளில் விற்ற மாடல்களில் அந்த ஜன்னல் கிடையாது.

*

இனி தேடும் படலம்.

மெரீனாக் கலங்கரை விளக்கத்தின் ஒளி சுழன்று வருகிற மாதிரி, டவர் தன் பீம்களை ஒவ்வொன்றாக எல்லாப் பக்கமும் வீசிக் காட்டுகிறது. மில்லிமீட்டர் அலையில் அதிகபட்சம் 64 பீம். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர் இருக்கும். 64 பீமையும் 5 மில்லி செகண்டுக்குள் அடித்து முடித்துவிட்டு, பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் மறுபடியும் அடிக்கும். உங்கள் போன் தேமே என்று கேட்டுக்கொண்டிருந்து, எந்த நம்பர் பலமாக விழுந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. போனுக்கும் சொந்தமாக டார்ச் இருக்கிறதே! அதுவும் தன் காதை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித்தான் கேட்க முடியும். 5ஜி தரநிலையில் இதற்கு எட்டுத் திசை என்று வைத்துக் கணக்குப் போட்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். டவரின் 64, போனின் 8. பெருக்கினால் 512 ஜோடி. ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட ஒரு பெண்ணுக்கு இத்தனை பார்ப்பதில்லை.

ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட் என்றால் எட்டுச் சுற்றுக்கு 160. கண் சிமிட்டும் நேரம்தான் என்பீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் அந்த நேரத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நடுவில் ஒரு லாரி வந்துவிடும். போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிடுவீர்கள். அளந்து முடிக்கும்போது அளந்தது பழசு.

அதனால் கில்லாடித்தனமாக இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் அகலமான பீம்களை வீசித் தெருவைக் கண்டுபிடிப்பது. பிறகு அந்தத் தெருவுக்குள் மட்டும் மெல்லிய பீம்களை வீசிக் கதவு நம்பரைக் கண்டுபிடிப்பது. டவர் தன் பீமை அசைக்காமல் வைத்துக்கொண்டு, "நீ உன் பக்கத்தைச் சரிபண்ணிக்கோ" என்று போனுக்கு வாய்ப்புக் கொடுக்கிற மூன்றாவது கட்டமும் உண்டு. தபால்காரர் தெருவைக் கேட்டு, கதவைக் கேட்டு வருவது போல.

*

இப்போது நம் கட்சி விவகாரம்: ரிப்போர்ட்.

போன் அளந்துவிட்டது. எந்த பீம் நல்ல பீம் என்று அதற்குத்தான் தெரியும். டவருக்குத் தெரியாது, அடிக்கிறவனுக்கு எங்கே விழுந்தது என்று எப்படித் தெரியும்? ஆனால் எந்த பீமில் அனுப்புவது என்று முடிவெடுப்பது டவர். ஆகவே போன் எழுதி அனுப்ப வேண்டும். 64 பீமுக்கும் மார்க் போட்டு அனுப்பினால் அதற்கே நேரமும் பாட்டரியும் போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டிய வீடியோ அந்தரத்தில் நிற்கும். ரிப்போர்ட் எழுதவே ஆபீஸுக்கு வருகிறவர்களின் கதிதான்.

பி.காம். படித்த எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் அந்த ரிப்போர்ட்டின் சிக்கனம். முதல் நாலு ராங்க் மட்டும் போதும். முதல் ராங்க் வாங்கிய பீமுக்கு முழு மார்க்கை எழுத வேண்டும். மற்ற மூன்றுக்கும் 'முதல்வரைவிட எவ்வளவு கம்மி' என்ற வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும். பீமின் நம்பருக்கு 6 பிட். முதல் மார்க்குக்கு 7 பிட். வித்தியாசத்துக்குத் தலா 4 பிட். கூட்டிப் பாருங்கள்: நாலு நம்பருக்கு 24, முதல் மார்க் 7, வித்தியாசங்கள் 12. ஆக மொத்தம் 43 பிட். பழைய எஸ்.எம்.எஸ்.ஸில் ஓர் எழுத்துக்கு 7 பிட் என்ற கணக்கில் பார்த்தால் ஆறே எழுத்து! 512 பொருத்தம் பார்த்த கதையை ஆறு எழுத்தில் எழுதுகிற குமாஸ்தா எந்த ஆபீஸில் கிடைப்பான்?

அந்த 7 பிட்டுக்குள் அடங்குகிற வீச்சும் லேசுப்பட்டதில்லை. மைனஸ் 44 டி.பி.எம்.மிலிருந்து மைனஸ் 140 வரை. கடைசி அளவு என்பது, ஒரு வாட்டை ஆயிரம் கோடி கோடி பங்காகக் கூறு போட்டு, அதில் ஒரு கூறு. அதைக்கூடக் கேட்டு மார்க் போடுகிறது உங்கள் போன். நீங்கள் பக்கத்து அறையிலிருந்து மனைவி கூப்பிடுவதைக் கேட்கவில்லை என்கிறீர்கள்.

"அப்போ திரையில் தெரியும் அந்த அஞ்சு கோடு என்ன? எனக்கு அஞ்சும் தெரியுது, ஆனா பேசினா வெட்டி வெட்டி வருது" என்று கேட்பவர்கள் உண்டு. டவருக்கு அனுப்பும் ரிப்போர்ட்டுக்கும் அந்தக் கோடுகளுக்கும் பெரிய ஒட்டு உறவு கிடையாது. ரிப்போர்ட்டுக்கு உலகம் பூராவும் ஒரே விதி. பிட் பிட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை பலத்துக்கு எத்தனை கோடு என்பதற்கு அப்படிப்பட்ட பொது விதி இல்லை. கம்பெனி பார்த்துப் போடுவதுதான். 2010ல் ஐபோன் 4 வந்தபோது, இடது பக்க மூலையைப் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று ஊரே கத்தியது. ஆப்பிள் ஜூலை மாதம் ஒரு கடிதம் வெளியிட்டது. கோடு போடும் ஃபார்முலாவே தப்பாக இருந்தது, பல சமயம் இரண்டு கோடு ஜாஸ்தியாகக் காட்டிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக உறை கொடுத்தார்கள். ஆக, நமக்குக் காட்டும் கோடு விருந்தாளிக்குக் காட்டும் ஹால். டவருக்குப் போகும் 43 பிட்தான் சமையலறை நிலவரம்.

அந்த நிலவரத்தையும் போன் நினைத்தபோது சொல்ல முடியாது. 5ஜி தொடங்கிய நாளிலிருந்து இரண்டே வழிதான். ஒன்று, 'இத்தனை மில்லி செகண்டுக்கு ஒரு தரம் எழுது' என்று டவர் அட்டவணை போட்டுக் கொடுக்கும். அல்லது, 'இப்ப எழுது' என்று கேட்கும்போது எழுத வேண்டும். அட்டவணையை நெருக்கிப் போட்டால், ஒன்றுமே மாறாதபோதும் 'ஒன்றும் மாறவில்லை' என்று எழுதி எழுதி பாட்டரி காலியாகும். தளர்த்திப் போட்டால் லாரி வந்து மறைத்த சேதி, லாரி போன பிறகுதான் போய்ச் சேரும். திங்கட்கிழமை மீட்டிங்கில் மட்டும் வாயைத் திறக்கலாம் என்றால், செவ்வாய்க்கிழமை பற்றிய நெருப்பை ஆறு நாள் வைத்துக் காக்க வேண்டியதுதான்.

*

நெருப்பு பல ரூபத்தில் வரும். முக்கியமானது உங்கள் கை.

மில்லிமீட்டர் அலைக்குக் கை என்பது கற்சுவர் மாதிரி. ஆராய்ச்சிக்காக எழுதி வைத்திருக்கும் கணக்கு மாதிரிகளில், போனைப் பிடிப்பவரின் உடம்பு மறைக்கும் பக்கத்துக்கு 30 டெசிபெல் நஷ்டம் என்று போடுகிறார்கள். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். இதற்காகத்தான் ஆன்டெனாப் பட்டையை ஒன்றுக்கு மேல், வேறு வேறு விளிம்பில் வைப்பது. கேம் விளையாடுகிறவர் போனைக் குறுக்கே பிடிப்பார். பேசுகிறவர் நெடுக்கே பிடிப்பார். ஒருத்தர் உறை போடுவார். எந்த விரல் எந்தப் பட்டையை மூடியிருக்கிறது என்று பார்த்து, போன் தன் காதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு, விளையாட்டில்லாத விஷயமும்கூட. டவரிலிருந்து வருவதைக் கேட்க எந்தத் திசை நல்லதோ, அதே திசையில் பதில் அனுப்புவதுதான் நியாயம். ஆனால் அந்தத் திசையில் உங்கள் விரலோ கன்னமோ இருந்தால்? கேட்பதில் ஆபத்தில்லை; அனுப்புவதில் உண்டு. குவித்த அலை உடம்பின் மேல் இவ்வளவுக்கு மேல் விழக்கூடாது என்று சட்டப்படி வரம்பு இருக்கிறது. ஆகவே பக்கத்தில் உடம்பு இருப்பதை உணர்ந்தால் போன் தன் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும். தணித்தால் டவருக்குக் கேட்காது. 'நல்லா கேக்குதே, ஏன் பதில் சொல்ல மாட்டேங்கறான்' என்று டவர் விழிக்கும். முதல் ராங்க் பீம் பேசுவதற்குக் கடைசி ராங்க்! தரநிலையின் 17வது பதிப்பில் இதற்கு வழி செய்தார்கள். எந்த பீமில் எவ்வளவு குரல் தணிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் போன் சேர்த்து எழுதலாம். இரண்டாவது ராங்க் பீமுக்கு மாறினால் முழுக் குரலில் பேசலாம், கன்னமும் பிழைக்கும். வெறும் மார்க் லிஸ்ட்டாக இருந்த ரிப்போர்ட்டில் மனுஷனுக்கு ஓர் இடம் கிடைத்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பீம் சுத்தமாகப் போய்விட்டால்? போன் மனசுக்குள் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கும். மோசம்... ஒன்று. மோசம்... இரண்டு. டவர் குறித்துக் கொடுத்த எண்ணைத் தொட்டதும், இனி இந்த பீமில் பிரயோஜனமில்லை என்று தீர்மானித்து, காதில் விழுகிற வேறு நல்ல பீம் ஒன்றைப் பிடித்து, புது ஆள் மாதிரி வாசல் கதவைத் தட்டும். 'நான்தான் சார், பின்பக்கமா வந்திருக்கேன்.' டவர் கதவைத் திறந்தால் பேச்சு தொடரும். திறக்காவிட்டால் அம்பேல், கணவன் மனைவி சண்டை பாதியில் நிற்கும்.

*

இவ்வளவு மெனக்கெட்டும் ஊரில் எப்படி எடுபட்டது?

2019 ஏப்ரல் 3ந் தேதி அமெரிக்காவில் வெரிஸான் கம்பெனி சிகாகோ, மினியாபொலிஸ் என்று இரண்டு நகரங்களில் மில்லிமீட்டர் அலை 5ஜியைத் தொடங்கியது. நிருபர்கள் போனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார்கள். டவர் கண்ணுக்குத் தெரிகிற முக்கில் நின்றால் பறக்கிறது. திரும்பினால் காணோம் என்று எழுதினார்கள். மொட்டை மாடிக் கமிட்டி தெருவுக்கு இறங்கிவிட்டது போலத்தான். தென் கொரியாவில் நிலைமை இன்னும் மோசம். 28 கிகாஹெர்ட்ஸ் உரிமம் வாங்கிய மூன்று கம்பெனிகளும் வாக்குக் கொடுத்த அளவுக்கு டவர் வைக்கவில்லை. இரண்டு கம்பெனிகளிடமிருந்து 2022 கடைசியிலும், மூன்றாவதிடமிருந்து 2023லும் அரசாங்கம் அதைப் பிடுங்கிக்கொண்டது. செலவு, தேவை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். திரும்பினால் அறுந்துபோகிற சமாசாரத்துக்கு யார் ஐயா கூடக் காசு கொடுப்பார் என்பதும் ஒரு காரணம்தான்.

இந்தியாவில் 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் மொத்தம் 1,50,173 கோடி ரூபாய்க்கு ஸ்பெக்ட்ரம் போயிற்று. 26 கிகாஹெர்ட்ஸும் அதில் உண்டு. அக்டோபர் 1ந் தேதி 5ஜி தொடங்கியது. ஆனால் நம் கையில் இருக்கும் போன்களில் பெரும்பாலானவை 26 பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் குடித்தனம். அங்கே டவர் அதிகபட்சம் 8 பீம் வீசும். போன் தன் காதைத் திருப்பும் வேலை இல்லை. ஆனால் அளப்பதும், ராங்க் போடுவதும், ரிப்போர்ட் எழுதுவதும் அங்கேயும் உண்டு. ஆகவே 'நமக்கில்லை' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

நமக்கில்லை என்று சொல்ல இன்னொரு விதத்திலும் வழியில்லை. ஒரே அலைவரிசையில், பல ஆன்டெனாக்கள் மூலம், வேறு வேறு தகவல்களை ஒரே சமயத்தில் அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்ற யோசனைக்கு மைமோ என்று பேர். இன்றைக்கு வைஃபையும் 4ஜியும் 5ஜியும் அதன் தலையில்தான் நிற்கின்றன. அதற்கு 1992ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். அதற்கு முன்னால் இந்தியக் கடற்படையில் இருந்து, கப்பல்களுக்கு 'அப்சோ' என்ற சோனார் உருவாக்கியவர். சோனாரும் இந்தக் குடும்பம்தான். வரிசையாகக் காதுகளை வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. 2014ல் அவருக்கு மார்க்கோனி பரிசு கொடுத்தார்கள். பொள்ளாச்சி என்றால் சினிமா ஷூட்டிங், இளநீர் என்று மட்டும் நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளவும்.

*

ரிப்போர்ட்டை எப்படிச் சீர்படுத்துவது என்று தரநிலை எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதில் இரண்டு வழி தேறியிருக்கிறது.

ஒன்று, எல்லாவற்றையும் அளக்காதே. கொஞ்சம் அளந்து, மிச்சத்தை ஊகி. ஒரு சோறு பதம் பார்க்கிற வித்தை. 64 பீமில் சிலவற்றை மட்டும் போன் அளந்தால், பழக்கப்படுத்திய செயற்கை நுண்ணறிவு மற்றவை எப்படி இருக்கும் என்று சொல்லும். நேற்று, இன்று என்று வரிசையாக அளந்த அளவுகளை வைத்து, அடுத்த சில மில்லி செகண்டில் எது முந்தும் என்றும் ஆரூடம் சொல்லும். 18வது பதிப்பில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். 19வது பதிப்பின் வேலைத் திட்டத்தில் சேர்த்தார்கள். எனக்கு இதில் பாதி உற்சாகம், பாதி சந்தேகம். ஒரு ஊரின் கட்டடங்களில் பாடம் படித்த மாதிரி, ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லும்? சோறு எல்லாம் ஒரே பானையில் வெந்தால்தான் ஒரு சோறு பதம். அந்தப் பக்கம் ஆராய்ந்தவர்களும் இதே கவலையைத்தான் பட்டிருக்கிறார்கள். பழகாத இடத்தில் ஊகம் பிசகுகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்க வேண்டும், பிசகினால் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று அதற்கும் ஏற்பாடு யோசித்தார்கள். ஊகிக்கிறவனைக் கண்காணிக்க மறுபடி அளக்கத்தான் வேண்டும் என்பது தமாஷ்.

இரண்டாவது வழியைக் கேட்டபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவும் 19வது பதிப்பில்தான். கேட்டால்தான் சொல்லலாம், முறை வந்தால்தான் சொல்லலாம் என்று வாயைக் கட்டி வைத்திருந்த போனுக்கு, தானாக முன்வந்து பேச அனுமதி. இப்போதைய பீமை விட வேறொரு பீம் கணிசமாக நன்றாக இருக்கிறது, அல்லது இப்போதைய பீம் படுத்துக்கொண்டே போகிறது என்று தெரிந்தால், அட்டவணைக்குக் காத்திராமல் போனே கையைத் தூக்கலாம். 'சார், ஒரு நிமிஷம்.' டவர் நேரம் ஒதுக்கும். போன் விஷயத்தைச் சொல்லும். ஒன்றும் மாறாதபோது மௌனம், மாறியவுடன் சேதி. பாட்டரிக்கும் லாபம், லாரி வரும்போதும் லாபம்.

இதில் டவர் தரப்புக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும். ஒரு ஸ்டேடியம் நிறைய போன்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினால் என்ன ஆகும்? சிக்ஸர் அடித்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். முன்வரிசைக்காரர் முதுகு பின்வரிசைக்காரர் பீமை மறைக்கும். அத்தனை போனும் 'சார், ஒரு நிமிஷம்' என்றால் யாருக்கென்று நேரம் ஒதுக்குவது? அதனால் சும்மா சும்மா கை தூக்க முடியாது. எத்தனை டெசிபெல் வித்தியாசம் வந்தால் பேசலாம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று நிர்ணயித்துச் சொல்லும் உரிமையை மட்டும் டவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது.